ஆம்ப்ரோஸ் பேரால்

முதல் கல்யாண ஓலை 1942 பிப்ரவரி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசையில் படிக்கப்பட்டது.

“ஜீவனஹள்ளி, காலஞ்சென்ற சவரிமுத்து குமாரன் ஆம்ப்ரோஸ், தற்சமயம் சிங்கப்பூரில் இருப்பவர். அல்சூர், டொமினிக் குமாரத்தி ஜோசஃபின். இவர்கள் விவாகத்துக்குத் தடை எதையும் அறிந்தவர்கள் பங்குச் சாமியிடம் தெரிவிக்கக் கடவார்கள்.”

அல்போன்சா பெண்கள் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தாள். சிங்கப்பூர் என்றதும் சில தலைகள் திரும்பி அவளைப் பார்த்தன. மலேயா முழுவதும் போய்விட்டது. பிரிட்டிஷ் பட்டாளம் சிங்கப்பூர்த் தீவுக்குள் பின்வாங்கிப் பாலத்தை உடைத்துவிட்டது. கண்டோன்மெண்ட் முழுக்க இதே பேச்சு.

ஆம்ப்ரோஸ் அவளுடைய தம்பி. அம்மா இறந்தபோது அவனுக்கு மூன்று வயது, அவளுக்குப் பதினைந்து. அவனை அவள்தான் வளர்த்தாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன் அவன் சிங்கப்பூர் போனான். துறைமுகத்தில் ஸ்டோர் கிளார்க். யுத்தம் தொடங்கியதிலிருந்து லீவு இல்லை.

ஜோசஃபினை அவன் பார்த்ததில்லை. போட்டோ பார்த்திருக்கிறான். அவளும் அவனைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

மாப்பிள்ளை வர முடியாவிட்டால் திருச்சபையில் அதற்கு ஒரு வழி உண்டு. இன்ன பெண்ணை இன்னார் என் பேரால் மணமுடிக்கலாம் என்று அவர் இரண்டு சாட்சிகள் முன்னால் ஓர் அதிகாரப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த இன்னார் பீடத்தின் முன் நின்று அவருக்காகச் சம்மதம் சொல்வார். கல்யாணம் செல்லும். பெண் மனைவியாகவே கப்பலேறலாம்.

முதல் பத்திரம் போன ஜூலையில் வந்தது. அதில் ஆம்ப்ரோஸ் தன் பெரியப்பா மகன் டென்சிலின் பேரை எழுதியிருந்தான். டொமினிக் அதைப் படித்துவிட்டு அல்போன்சாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

“சம்மதம் சொல்றது சரிம்மா. தாலி யாரு கட்டுறது?”

“டென்சில்தான்.”

“ஆம்ப்ரோஸ் பொண்டாட்டிக்கு டென்சில் தாலி கட்டுவானா? அப்புறம் அல்சூர்ல நான் மூஞ்சி காட்ட வேணாமா?”

பங்குச் சாமி திருச்சபைச் சட்டப் புத்தகத்தைப் பார்த்தார். பதிலாள் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. அக்காவே நிற்கலாம் என்றார். நாத்தனார் முடிச்சுப் போடுவது ஊர் வழக்கம்தான். டொமினிக்குக் குறை ஒன்றும் சொல்ல முடியவில்லை. பத்திரம் சிங்கப்பூருக்குத் திரும்பிப் போனது. அங்கே பல மாதம் கிடந்தது. புதிய பத்திரம் டிசம்பர் மூன்றாம் தேதியிட்டு, ஜனவரி இருபதாம் தேதி வந்து சேர்ந்தது. இரண்டு தேதிகளுக்கும் நடுவில் ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

பழைய பத்திரமே போதும் என்றிருந்தால் ஜோசஃபின் செப்டம்பரில் சிங்கப்பூர் போயிருப்பாள். இதை இரண்டு வீட்டாரும் நினைத்துப் பார்த்தார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பூசை முடிந்ததும் டொமினிக் கோவில் வாசலில் நின்றிருந்தார். பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைக்கும் பட்டறையில் அவர் மேஸ்திரி. கட்டைவிரல் நகம் இரண்டும் கறுத்திருக்கும்.

“என்னம்மா அல்போன்சா, பேஜாரா இருக்கியா? சிங்கப்பூரை எவனாலயும் தொட முடியாது. அங்க இருக்கிற பட்டாளத்துல பாதிப் பேர் கால்ல என் பூட்ஸ்தான். என் பூட்ஸ் போட்டவன் பின்னால நடக்க மாட்டான்.”

“ஓடுறதுக்கும் பூட்ஸ் வேணுமே மாமா” என்றான் டென்சில்.

“உனக்கு அதுக்குத்தான் வேணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். அல்போன்சாவும் சிரித்தாள்.

இரண்டாம் ஞாயிறு டொமினிக் சிரிக்கவில்லை. நீருக்கு அந்தப் பக்கம் மலேயாவிலிருந்து சிங்கப்பூர்மேல் குண்டு விழுகிறது என்று பேப்பரில் வந்திருந்தது. எண்ணெய்க் கிடங்குகள் எரிகின்றன. துறைமுகம் எரிகிறது. ஆம்ப்ரோஸ் வேலை செய்யும் இடம்.

அல்சூரில் டொமினிக் வீட்டுக் கூடத்தில் பேச்சு நடந்தது. பதினெட்டாம் தேதி விபூதிப் புதன். அன்றிலிருந்து தபசு காலம். ஈஸ்டர் வரைக்கும் கோவிலில் கல்யாணம் கிடையாது. மூன்றாம் ஓலை பதினைந்தாம் தேதி ஞாயிறு. கல்யாணம் மறுநாள் திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு.

“ஈஸ்டருக்குத் தள்ளிப் போட்டா என்ன?” என்றாள் ஜோசஃபினின் அம்மா.

“வேணாங்க” என்றாள் அல்போன்சா. வேகமாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தோன்றியது.

டொமினிக் நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இதோ பாரும்மா. ஒரு வார்த்தை குடுத்தேன், குடுத்ததுதான். சிங்கப்பூர் நிக்கிற வரைக்கும் கல்யாணம் உண்டு. ஊர் விழுந்துட்டா நான் நிறுத்திடுவேன். உசுரோட இருக்கானா இல்லையான்னே தெரியாதவனுக்கு என் பொண்ணைக் குடுக்க மாட்டேன். முன்னாடியே சொல்லிட்டேன். பின்னால மனஸ்தாபம் வேணாம்.”

“நியாயம்தாண்ணே” என்றாள் அல்போன்சா. அப்போது அதை மனதாரத்தான் சொன்னாள்.

ஜோசஃபின் ஜன்னலோரம் உட்கார்ந்து லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். கான்வென்ட்டில் அதுதான் அவளுக்கு வேலை. பீடத்துத் துணிகளுக்கும் துரைசானிகளின் மேசை விரிப்புகளுக்கும் பின்னுவாள். நூல் எப்படிச் சிக்கினாலும் அவள் விரலுக்கு அவிழும் என்று கன்னியர் சொல்வார்கள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அல்போன்சா கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள்.

“அக்கா, அவருக்குப் பச்சை மிளகாய் ஆகுமா?”

“ஆகாது. கண்ல தண்ணி கொட்டும்.”

“அங்க யாரு சமைக்கிறா?”

“தானேதான். ரசம் நல்லா வைப்பான்.”

“அப்போ எனக்கு அங்க வேலையே இல்ல.”

“பாத்திரம் கழுவ மாட்டான்” என்றாள் அல்போன்சா.

ஜோசஃபின் சிரித்தாள். பல் வரிசையாக இல்லை. போட்டோவில் அது தெரியாது. ஆம்ப்ரோஸுக்கு அதை எழுத வேண்டும் என்று அல்போன்சா நினைத்துக்கொண்டாள். பிறகு சிங்கப்பூருக்கு இப்போது கடிதம் போவதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மூன்றாம் ஓலை படிக்கப்பட்டது. தடை சொல்ல யாரும் வரவில்லை. அன்று சாயங்காலம்வரை ஊர் நின்றது.

திங்கட்கிழமை விடியுமுன் அல்போன்சா குக் டவுனில் மேஜர் துரை வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டில் ஏழு வருடமாக ஆயா. அன்று லீவு வாங்கியிருந்தாள். ஆனாலும் துரைசானிக்கு அடுப்பு பற்றவைக்க வராது. வெந்நீரும் டீயும் வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போகலாம் என்று வந்தாள். பூசையில் நன்மை அப்பம் வாங்க வயிறு காலியாகவும் மனம் பாவமில்லாமலும் இருக்க வேண்டும் என்பதால் அவள் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

முன்னறையில் விளக்கு எரிந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தது. மேஜர் இரவு உடையோடு அதன் முன்னால் நின்றிருந்தார். அடக்கச் சடங்கில் நிற்பதுபோல் கையைக் கோத்து நின்றிருந்தார். துரைசானி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

அல்போன்சாவுக்கு வீட்டு இங்கிலீஷ் புரியும். ரேடியோ இங்கிலீஷ் பாதி புரியும். சிங்கப்பூர் என்ற சொல் இரண்டு முறை வந்தது. அதற்கு முன்னால் வந்த சொல் புரியவில்லை என்று முதலில் நினைத்தாள். புரிந்திருந்தது.

மேஜர் ரேடியோவை அணைத்தார். அணைத்த கை அதன்மேலேயே இருந்தது.

துரைசானி எழுந்து வந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள். சிங்கப்பூர் சரணடைந்துவிட்டது. நேற்று சாயங்காலம்.

“எல்லாருமா அம்மா?”

“எல்லாரும்.”

அல்போன்சா சமையலறைக்குப் போனாள். அடுப்பு பற்றவைத்தாள். பால் வைத்தாள். பால் பொங்கி வழிந்தது. பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. துரைசானி வந்து பாத்திரத்தை இறக்கினாள். ஏழு வருடத்தில் அவள் அந்த அடுப்பருகே வந்தது அதுதான் முதல் தடவை. உன் தம்பி அங்கேதானே என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அல்போன்சா. இன்று என்ன நாள் என்பது துரைசானிக்கு நினைவில்லை. அல்போன்சாவும் நினைவுபடுத்தவில்லை.

ஐந்தரை மணி அடித்தது.

டொமினிக் வீட்டில் ரேடியோ இல்லை. கோவிலில் ரேடியோ இல்லை. பேப்பர் எட்டு மணிக்குத்தான் வரும். கல்யாணம் ஏழு மணிக்கு.

அவள் கை கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

தெரு எப்போதும்போல் இருந்தது. பால்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு சிப்பாய் சைக்கிளில் போனான். ஒரு கடையில் பலகையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் தான் என்பது அவளுக்கு நம்ப முடியாததாக இருந்தது. அவ்வளவு பெரிய ஊர் ஒரு சமையலறையில் விழுந்ததுபோல் இருந்தது. நடந்தாள். கால் தானாக நடந்தது.

ஊர் விழுந்தால் நிறுத்துவேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். நியாயம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஆம்ப்ரோஸ் யாருமில்லாதவன். அந்த ஊரில் எத்தனை ஆயிரம் பேரோடு அவன் தரையில் உட்கார்ந்திருப்பான். அல்லது உட்கார்ந்திருக்க மாட்டான். அவனுக்காக முழங்கால் போட்டு ஜெபிக்க அவள் ஒருத்திதான். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது.

கோவில் வந்துவிட்டது. அவள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

பீடத்துக்குப் பின்னாலிருந்த அறையில் சாமி அதிகாரப் பத்திரத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். ஆம்ப்ரோஸின் கையெழுத்து. கீழே இரண்டு சாட்சிகள். ஒருவர் மலையாளி, ஒருவர் சீனர்.

“அல்போன்சா, சட்டப்படி சிலது கேக்கணும். தம்பிகிட்டேயிருந்து கடைசியா எப்போ தகவல்?”

“இந்தப் பத்திரம்தான் சாமி.”

“மனசு மாறினதா ஏதாவது எழுதியிருக்கானா?”

“இல்ல சாமி.”

“ஏன் கேக்கிறேன்னா, இங்க நீ சம்மதம் சொல்றதுக்கு முன்னாடி அங்க அவன் இந்தப் பத்திரத்தை ரத்து பண்ணிட்டான்னா, கல்யாணம் செல்லாது. அந்தக் காகிதம் இன்னும் கடல்ல இருந்தாலும் செல்லாது. நமக்குத் தெரியலைன்னாலும் செல்லாது. அவன் உசுரோட இல்லைன்னாலும் அப்படித்தான். புரியுதா?”

“புரியுது சாமி.”

“வேற ஏதாவது எங்கிட்ட சொல்லணுமா?”

சுவரில் கடிகாரம் ஆறு ஐம்பது காட்டியது. கதவு திறந்திருந்தது. ஜோசஃபின் வெள்ளைச் சேலையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா அவளுடைய முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“இல்ல சாமி” என்றாள் அல்போன்சா.

ஆண் நிற்க வேண்டிய இடத்தில் அவள் நின்றாள். சாமி பத்திரத்தை உரக்கப் படித்தார். சிங்கப்பூர், டிசம்பர் மூன்று என்று படித்தார். படித்துவிட்டு அவளைப் பார்த்துக் கேட்டார்.

“ஆம்ப்ரோஸ் பேரால், இந்த ஜோசஃபினை அவருக்கு மனைவியாக ஏற்கச் சம்மதமா?”

“ஆம்ப்ரோஸ் பேரால் சம்மதம்.”

குரல் அவளுடையதாக இல்லை. ஜோசஃபின் தன் சம்மதத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். சாமி தாலியை மந்திரித்துக் கொடுத்தார். மஞ்சள் நூல். அல்போன்சா மூன்று முடிச்சுப் போட்டாள். ஒவ்வொன்றையும் நன்றாக இழுத்துப் போட்டாள்.

நன்மை வாங்கும் நேரம் வந்தது. ஜோசஃபின் எழுந்தாள். டொமினிக் எழுந்தார், அவர் மனைவி எழுந்தாள். அல்போன்சா எழவில்லை.

“துரை வீட்டுல டீ குடிச்சுட்டாளாக்கும்” என்று ஜோசஃபினின் அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். “இன்னைக்குக்கூடவா?”

அல்சூர் வீட்டில் ஆப்பமும் ஆட்டுக்கறியும். தபசு காலத்துக்கு முன்னால் கறி தின்ன இரண்டு நாள்தான் இருந்தது. எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். டொமினிக் அல்போன்சாவை மாப்பிள்ளை என்று கூப்பிட்டார்.

“மாப்ளைக்கு இன்னும் ரெண்டு ஆப்பம் வைங்க. வெக்கப்படறாரு.”

சிரிப்பு நிற்பதற்குள் டென்சில் உள்ளே வந்தான். கையில் பேப்பர் இருந்தது. அவன் வழக்கமாகச் சொல்லும் கிண்டல் எதுவும் சொல்லவில்லை. பேப்பரை டொமினிக்கிடம் கொடுத்தான். கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றான்.

டொமினிக் தலைப்பைப் படித்தார். பேப்பரைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். மறுபடி தலைப்பைப் படித்தார்.

“இது என்னடா?”

“போயிடுச்சு மாமா.”

“எது போயிடுச்சு?”

எல்லாரும் எழுந்து பேப்பரைச் சூழ்ந்தார்கள். இலைகள் அப்படியே கிடந்தன. படிக்கத் தெரியாதவர்களும் தலைப்பைப் பார்த்தார்கள். ஒரு கரண்டி கீழே விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

“சரணா?” என்றார் டொமினிக். “அத்தனை பேருமா? சண்டை போடாமலா?”

“போட்டாங்க. தண்ணி இல்லையாம். குடிக்கிற தண்ணியை அவன் பிடிச்சுட்டானாம்.”

டொமினிக் உட்கார்ந்தார். “பூட்ஸ்” என்றார்.

“என்னது மாமா?”

“பூட்ஸ் எல்லாத்தையும் கழட்டச் சொல்லியிருப்பான்.”

வெளியே ஒரு வண்டி போகும் சத்தம் கேட்டது. டொமினிக் தன் கைகளைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி எட்டரை.

“ரெண்டு மணி நேரம்” என்றார். “ரெண்டே ரெண்டு மணி நேரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா.”

அவர் மனைவி அழத் தொடங்கினாள். ஜோசஃபின் அழவில்லை. இலைமுன்னால் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பிறகு எழுந்து போய்க் கை கழுவினாள். பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

“அண்ணி, போகலாமா?”

“எங்க போற? உக்காரு” என்றார் டொமினிக்.

“அவங்க வீட்டுக்குத்தானேப்பா போகணும். கல்யாணம் ஆயிடுச்சில்ல.”

டொமினிக் மறுக்க வாய் எடுத்தார். மறுக்க ஒன்றும் இல்லை.

ஜீவனஹள்ளியில் ஒரே அறை. ஆம்ப்ரோஸின் டிரங்குப் பெட்டி ஒரு மூலையில் இருந்தது. ஜோசஃபின் தன் பெட்டியை அதன்மேல் வைத்தாள். புதன்கிழமை இருவரும் கோவிலுக்குப் போய் நெற்றியில் விபூதி வாங்கினார்கள். அல்போன்சா சாமியிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிவரை போய், வரிசையில் நின்று, தன் முறை வருமுன் திரும்பி வந்தாள்.

செய்தி இல்லை. கண்டோன்மெண்டில் எத்தனையோ வீடுகளில் அதே கேள்வி இருந்தது. ஆபீசுகளில் பேர் எழுதிக்கொண்டார்கள். பட்டாளத்து ஆட்கள் பேரே தெரியாது, துறைமுகத்து ஆளை யார் கணக்கில் வைப்பார்கள் என்றார்கள். சந்தையில் பெண்கள் பேரம் பேசுவதை நடுவில் நிறுத்திவிட்டு நின்றார்கள். டொமினிக் பட்டறைக்குப் போனார், வந்தார். யாரிடமும் பூட்ஸைப் பற்றிப் பேசவில்லை. மேஜர் ரேடியோவின்மேல் துணி போட்டு மூடிவிட்டார்.

ஒருநாள் ஜோசஃபின் கேட்டாள்.

“அவர் எவ்வளவு உயரம் அண்ணி?”

அல்போன்சா யோசித்தாள். எழுந்து நிலைக்கதவின் அருகே போய்க் கையை வைத்துக் காட்டினாள். “இங்க இருக்கும். உள்ள வரப்போ குனிய மாட்டான். நிலை மேல இருக்கிற நாதாங்கி இடிக்கும். ஒவ்வொரு தடவையும் இடிச்சுப்பான்.”

ஜோசஃபின் அந்த நாதாங்கியைப் பார்த்தாள். ஒரு துண்டுத் துணியை எடுத்து அதன்மேல் சுற்றிக் கட்டினாள்.

மார்ச் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை மத்தியானம், பக்கத்து வீட்டு ஃபாத்திமா வந்தாள்.

“அக்கா, உங்களுக்குக் கத்து வந்திருக்கு. தபால்காரன் எங்கிட்ட குடுத்துட்டுப் போனான். ஸ்டாம்பைப் பாருங்க, நம்ம ஊருது இல்ல.”

தணிக்கைக்காரர்கள் உறையின் ஓரத்தைத் திறந்து, மறுபடி காகிதப் பட்டை ஒட்டியிருந்தார்கள். எழுத்து ஆம்ப்ரோஸுடையது.

“தம்பியா?” என்றாள் ஃபாத்திமா. “அல்லா காப்பாத்திட்டானா?”

“தேதியைப் பாக்கணும்” என்றாள் அல்போன்சா.

ஃபாத்திமா போன பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பிரித்தாள். இரண்டு காகிதங்கள். முதலாவது பத்திரம்போல் எழுதியிருந்தது.

“1941 டிசம்பர் 3-ஆம் தேதி என் அக்காள் அல்போன்சாவுக்கு நான் கொடுத்த அதிகாரத்தை இன்று முழு மனதோடு ரத்து செய்கிறேன். அல்சூர் டொமினிக் குமாரத்தி ஜோசஃபினை என் பேரால் மணமுடிக்க இனி யாருக்கும் அதிகாரம் இல்லை. சிங்கப்பூர், 1942 ஜனவரி 27.”

கீழே இரண்டு சாட்சிகள். அதே மலையாளி. அதே சீனர்.

இரண்டாவது கடிதம். நாலைந்து வரிகளை மைபூசி அடித்திருந்தார்கள். மீதி இருந்தது.

“அக்கா, சாமிக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். எது முதலில் சேருமோ தெரியாது. ஓலை படிக்க வேண்டாம் என்று சொல். அந்தப் பெண்ணை எனக்காகக் கட்டிப்போடக் கூடாது. அவள் போட்டோ என்னிடம் இருக்கிறது. அனுப்பலாம் என்று எடுத்தேன். அனுப்பவில்லை. மன்னிக்கச் சொல். நீ நேரத்துக்குச் சாப்பிடு.”

அல்போன்சா தரையில் உட்கார்ந்தாள். ஜனவரி இருபத்தேழு. முதல் ஓலைக்கு ஐந்து நாள் முன்னால். மூன்று ஓலையும் ஒன்றுமில்லாததற்காகப் படிக்கப்பட்டன. அவள் பீடத்தின் முன் நின்று அவன் பேரால் பேசியபோது அவன் பேர் அவளிடம் இல்லை. அவன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தான். சாட்சிகளைத் தேடிப் பிடித்திருந்தான். குண்டு விழும் ஊரில்.

அடுப்பில் நெருப்பு இருந்தது. காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சாமிக்கு அனுப்பியது வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பார். இனி வரவும் வராது.

ஐந்து மணிக்கு ஜோசஃபின் கான்வென்ட்டிலிருந்து வந்தாள். நாதாங்கியைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தாள். அது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. அல்போன்சா இரண்டு காகிதங்களையும் நீட்டினாள்.

ஜோசஃபின் நின்றபடி படித்தாள். முதல் காகிதத்தை ஒரு முறை, இரண்டாவதை இரண்டு முறை. படித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள்.

“அப்போ நான் யாரு?” என்றாள்.

“டொமினிக் பொண்ணு.”

“இந்த ஒரு மாசம்?”

அல்போன்சா உறையைத் தரையில் வைத்து நீவினாள்.

“அன்னைக்கு உங்களுக்குத் தெரியும்” என்றாள் ஜோசஃபின்.

“இந்தக் கடிதமா? இப்பத்தான் வந்தது.”

“கடிதத்தைச் சொல்லல. ஊர் விழுந்ததைச் சொல்றேன். நீங்க நன்மை வாங்கல. டீ குடிச்சிருப்பீங்கன்னு அம்மா சொன்னாங்க. பேப்பர் வந்தப்போ எல்லாரும் பேப்பரைப் பார்த்தாங்க. நீங்க என்னைப் பார்த்தீங்க.”

“தெரியும்” என்றாள் அல்போன்சா. “அஞ்சரைக்குத் தெரியும். துரை வீட்டு ரேடியோவுல.”

“சொல்லல.”

“சொன்னா நின்னுபோயிருக்கும்.”

“அப்பா நிறுத்தியிருப்பார். எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம். நான் வேணாம்னு சொல்லியிருப்பேனா, சரின்னு சொல்லியிருப்பேனா, எனக்கே தெரியாது. இனிமே அது தெரியவும் போறதில்ல.”

தெருவில் ஃபாத்திமா யாரையோ கூப்பிட்டாள். ஜோசஃபின் அடுப்பைப் பார்த்தாள்.

“அதை மறைச்சவங்க இதை ஏன் குடுத்தீங்க? அடுப்பு பக்கத்துலயே இருக்கு.”

“அன்னைக்கு அவன் பேரால சரின்னு சொன்னேன். அவன் இல்லைன்னு எழுதியிருக்கான். அதையும் நான்தான் சொல்லணும்.”

ஜோசஃபின் முதல் காகிதத்தை மட்டும் எடுத்து உறையில் போட்டாள். இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டாள்.

“நாளைக்குச் சாமிகிட்ட காட்டணும். கேட்டார்னா, கல்யாணத்தன்னைக்குக் காலையிலயே உங்களுக்குத் தெரியும்னு சொல்லிடுவேன்.”

“நானே வந்து சொல்றேன்.”

“போட்டோ அவர்கிட்டயே இருக்கட்டும்” என்றாள் ஜோசஃபின். “திருப்பிக் கேக்க மாட்டேன்.”

அவள் பையிலிருந்து லேஸ் ஊசியை எடுத்தாள். அல்போன்சாவின் கையில் வைத்தாள். திரும்பி உட்கார்ந்து, பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கழுத்தில் மஞ்சள் நூல் வியர்வையிலும் எண்ணெயிலும் கறுத்திருந்தது. மூன்று முடிச்சும் ஒன்றாகிப்போயிருந்தன.

“நீ அவுத்தா நிமிஷத்துல வந்துடும்” என்றாள் அல்போன்சா. “எனக்கு இது வராது.”

“நீங்க கட்டினது, அக்கா.”

அல்போன்சா ஊசியின் முனையை முதல் முடிச்சுக்குள் நுழைத்தாள். நூல் அசையவில்லை. விரல் வழுக்கியது. சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி நுழைத்தாள்.

“ஜல்தி இல்ல” என்றாள் ஜோசஃபின்.